அகராதியில் இல்லாத ஐந்தெழுத்து

எடைமேடையில் இருப்பவருக்கு லாரிக்காரர்கள் வைத்த பெயர் டன். ஆள் என்னவோ ஒல்லிக்குச்சி. லாரி மேடையில் ஏறி நின்றதும் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னாலிருந்து எடையைச் சொல்லிச் சீட்டை நீட்டுவார். அதற்கு மேல் ஒரு வார்த்தை கறக்க முடியாது. பக்கத்திலேயே பஞ்சர் கடை வைத்திருக்கும் என்னிடமே, அவர் மனைவி போன பிறகுதான் வாயைத் திறந்தார். பாசம் பொங்கி வழிந்து அல்ல, இங்கிலீஷ் வார்த்தை கேட்க.

"டேய் பஞ்சர், அஞ்சு எழுத்து. நடுவுல எல். எங்கயோ ஒரு வி. சொல்லு."

"வால்வு," என்றேன். என் கடையில் வேறு என்ன இங்கிலீஷ் இருக்கிறது? அது சரியாக அமைந்து தொலைத்தது. அன்றிலிருந்து நான்தான் அவருக்குப் பண்டிதர்.

போனில் ஆடுகிற ஆட்டம் அது. ஐந்து கட்டம்; ஒளிந்திருக்கிற ஐந்தெழுத்துச் சொல்லைக் கண்டுபிடிக்க வேண்டும். போட்ட எழுத்து அதே இடத்தில் இருந்தால் பச்சை, இடம் மாறி இருந்தால் மஞ்சள், இல்லவே இல்லையென்றால் கறுப்பு. ஆறு தடவை முயற்சி செய்யலாம். அவர் மனைவியும் மகளும் தினமும் ஆடி, யாருக்கு எத்தனை பச்சை என்று அந்தக் கலர் கட்டங்களை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வார்களாம். இவர் பக்கத்தில் உட்கார்ந்து, "வேலையத்த வேலை," என்பாராம்.

மனைவி இறந்து கொஞ்ச நாளில் வீட்டில் ஒரு சண்டை. துக்கத்துக்கு வந்திருந்த மகள், இவர் வேலைக்குப் போயிருந்தபோது அம்மாவின் அலமாரியைக் காலிசெய்து துணியையெல்லாம் யாருக்கோ கொடுத்துவிட்டாள். அப்பா பார்த்துப் பார்த்து அழுவாரே என்று செய்தது. இவர் திரும்பி வந்து அலமாரியைத் திறந்தார். அடக்கி வைத்ததெல்லாம் மகள்மேல் பாய்ந்தது. "யாரைக் கேட்டுக் குடுத்தே? இது என் வீடு!"

"அப்ப உங்க வீட்டுல நீங்களே இருங்க. நான் போறேன்," என்று பெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

"போறேன்னு சொன்னாடா," என்று என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். "போயிட்டு வரேன்னு சொல்லல." பெற்ற மகள் அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டுப் போனது அவருக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்திருந்தது. இனி வரவே மாட்டாள் என்று முடிவே கட்டிவிட்டார். மனிதர் ராத்திரி ஷிப்டையும் சேர்த்துக் கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டுக்குப் போனால் சுவரோடுதான் பேச வேண்டும்.

ஆனால் மகள் கலர் கட்டங்களை மட்டும் நிறுத்தவில்லை. அம்மாவின் நம்பருக்கே தினமும் அனுப்பினாள். பழக்கமா, பைத்தியமா, எனக்குத் தெரியாது. மனைவியின் போன் இவரிடம்தான். சில நாள் சும்மா பார்த்தார். அப்புறம் தட்டுத்தடுமாறி ஆடி, தன் கட்டங்களை அனுப்பினார். மறுநாளும் அவளுடையது வந்தது. அவ்வளவுதான் அவர்களுக்குள். இரண்டு பேருக்கும் வீம்பு, பேச்சு கிடையாது.

ஒரு காலையில் மகளிடமிருந்து வந்தது வழக்கமான ஆட்டம் இல்லை. நாமே ஒரு சொல்லை ஒளித்துவைத்து ஒருவருக்கு அனுப்பலாமாம், அப்படி ஒன்று. டன் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவருக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுக்க லாரியில் எழுதியிருப்பதுதான். தண்ணி லாரியைப் பார்த்து 'வாட்டர்' போட்டார். ஏ-யும் இ-யும் பச்சை, ஆர் மஞ்சள். அடுத்து, கதவில் காக்கை படம் போட்டு வருகிற லாரியின் பெயர், 'ரேவன்'. ஏ, இ, என் மூன்றும் பச்சை. ஆர், வி இரண்டும் மஞ்சள்.

"முடிஞ்சுதுடா! ஆரையும் வி-யையும் மாத்திப் போட்டாப் போதும்." துள்ளிக் குதித்தவர், அப்படியே நின்றுவிட்டார். "வி, ஏ, ஆர், இ, என். வேரென்? அப்படி என்னடா இருக்கு?"

"வேன் தெரியும்ணே. வேரென் தெரியாது."

மகளின் பழைய பள்ளிக்கூட அகராதி கேபினில் இருந்தது. புரட்டோ புரட்டென்று புரட்டினார். இல்லை. வெளியே லாரிக்காரன் ஹாரனை அலறவிட்டான். அந்த எரிச்சலில் மகளுக்கு எழுதிப் போட்டார்: எழுத்துப் பிழை, இப்படி ஒரு சொல்லே கிடையாது.

பதில் உடனே வந்தது. "இல்லன்னா விடுங்கப்பா."

அப்புறம் ஒன்றுமே வரவில்லை. மறுநாள் கலர் கட்டமும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. மனிதர் ஒவ்வொரு லாரிக்கும் நடுவில் போனை எடுத்துப் பார்ப்பார், வைப்பார். ஒரு லாரியின் எடையைத் தப்பாகச் சொல்லித் திட்டு வாங்கினார். "நான் என்னடா தப்பாச் சொல்லிட்டேன்? புத்தகத்துல இல்லாததை இல்லன்னேன்," என்றார். எனக்குப் பாவமாக இருந்தது. கொஞ்ச நேரம் கூடவே உட்கார்ந்திருந்தேன். கடையில் ஆள் கூப்பிட்டதும் எழுந்தேன்.

"சரிண்ணே, வரேன்," என்றேன்.

"என்ன சொன்னே?"

"வரேன்னேன். டயர் கழட்டணும்."

என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னொரு வாட்டி சொல்லு."

சொன்னேன். அவர் உதடு எழுத்தெழுத்தாகக் கூட்டியது. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. இங்கிலீஷ் எழுத்துதான், ஆனால் சொல் நம்முடையது. வரேன்.

உடனே முகம் வாடிவிட்டது. "கிளம்பறப்பவும் வரேன்னுதானேடா சொல்றோம். ஒரேயடியா விடைபெத்துக்கிட்டாளோ?"

மனைவியின் போனில் பழைய பேச்சுகளை மேலே தள்ளிக்கொண்டே போனார். அம்மா மகளுக்கு இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் எழுதுவாள். ஒவ்வொரு லீவுக்கும் முன்னால் அம்மாவிடமிருந்து "வாம்மா". அடியில் மகளிடமிருந்து அதே ஐந்தெழுத்து. கிளம்பிப் போகிற வரேன் இல்லை, கிளம்பி வருகிற வரேன். டன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு அழுதார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்புறம், தானும் ஒரு சொல்லை ஒளித்துவைத்து அனுப்பினார். மனைவி எழுதிய மாதிரியே: வி, ஏ, எம், எம், ஏ.

மேடையில் ஒரு லாரி ஏறி நின்றது. இவர் அதைப் பார்க்கவே இல்லை. எடையை நான்தான் படித்துச் சொன்னேன். சீட்டைக் கிழிப்பதற்குள் போன் அடித்தது. மகளின் கட்டங்கள். ஒரே ஒரு வரி, ஐந்தும் பச்சை. முதல் தடவையிலேயே போட்டிருந்தாள்.

அவர் சட்டையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுச் சாவியைத் தேடினார். "கொஞ்ச நேரம் பாத்துக்கடா. அவ வர்றதுக்குள்ள வீட்டைப் பெருக்கணும்."

"அலமாரி?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன்.

"காலியாத்தானே இருக்கு," என்றார். "அவ துணிய வெச்சுக்கட்டும்."