வலி இல்லை என்று சொன்னவர்கள்

என் வீட்டுக்காரர் விரலில் முள் குத்தினாலே குடிசை லைன் முழுவதையும் கூட்டிவிடுவார். தலைவலி என்றால் அன்றைக்கு எனக்கு வேறு வேலை ஓடாது. சுக்கு அரை, பற்றுப் போடு, விளக்கைத் தணி என்று உயிரை எடுப்பார். அப்படிப்பட்ட மனிதர், சுரங்கத்துக்குள் பாறை விழுந்து முழங்காலுக்குக் கீழே நசுங்கி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது, "வலிக்குதா மாமா?" என்று கேட்டால் "இல்லியே" என்றார்.

அப்போது நாங்கள் சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கத்துப் பக்கம், மூங்கில் தட்டிக் குடிசையில் இருந்தோம். வலியை அடக்கும் ஊசி அந்தக் காலத்தில்தான் எங்கள் கண்ணில் பட ஆரம்பித்திருந்தது. அபினிச் சத்தைக் கரைத்துக் கண்ணாடிக் குழலில் ஏற்றிக் கையில் குத்துவார்கள். அலறிக்கொண்டிருந்தவன் சற்று நேரத்தில் அடங்கித் தூங்கிவிடுவான். ஆனால் பெரிய அடி பட்டவர்களுக்குத்தான் அந்த ஊசி. கையையோ காலையோ எடுக்க வேண்டி வந்ததும் அவர்களுக்குத்தான். எங்கள் ஜனங்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டு, "ஊசி வரும் முன்னே, கத்தி வரும் பின்னே" என்று பழமொழியே கட்டிவிட்டார்கள். கால் போனவன் சுரங்கத்து ஷாஃப்டில் இறங்க முடியாது. இறங்காதவனுக்குக் கம்பெனி லைனில் குடிசை கிடையாது. அதனால் ஆஸ்பத்திரிக்கு யாரைப் பார்க்கப் போனாலும் வாழைப்பழத்தோடு ஒரு புத்திமதியையும் எடுத்துப் போவார்கள். என்ன ஆனாலும் வலிக்கிறது என்று மட்டும் வாயைத் திறக்காதே என்பதுதான் அது. என் வீட்டுக்காரருக்கும் அவருடைய ஷிப்டு ஆட்கள் அதைச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள்.

பக்கத்துக் கட்டிலில் சித்தூர்ப் பக்கத்துத் தெலுங்குக்காரர் ஒருவர் இருந்தார். அவருக்கு ஏற்கெனவே ஒரு காலை எடுத்திருந்தார்கள். எட்டிப் பார்க்க ஓர் ஆள் கிடையாது. கஞ்சி கொண்டுபோனால் அவருக்கும் ஒரு குவளை ஊற்றுவேன். வாங்கிக் குடித்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிடுவார். அவ்வளவுதான் பேச்சு.

ஒருநாள் காலையில் என் வீட்டுக்காரரின் துண்டைத் துவைக்க எடுத்துப்போய்க் குழாயடியில் விரித்தேன். ஒரு பக்கத்து விளிம்பு முழுக்க நைந்து தொங்கியது. எலி கடித்ததோ என்று முதலில் நினைத்தேன். அப்புறம்தான் வரிசையாகப் பல் பதிந்திருந்த இடங்களைப் பார்த்தேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. இந்த மனிதனை அப்படியே உலுக்கிவிட வேண்டும் போலிருந்தது.

அந்த வழியாக வந்த, புண்ணுக்குக் கட்டுப் போடும் டிரஸ்ஸர், நம் ஊர்ப் பக்கத்துக்காரர், என்னைப் பார்த்து நின்றார்.

"மனச தேத்திக்கம்மா. வலியே இல்லேன்றாரே, அதான் டாக்டர் தொரைக்குக் கவலையா கீது. விரலெல்லாம் சில்லுன்னு ஆயிடுச்சு. காலு செத்துப்போச்சுன்னா அழுகி உசுருக்கே வந்துடும். இப்ப குத்திப் பாப்பாரு. அதுவும் தெரிலேன்னா காலை எடுக்க வேண்டியதுதான்."

ஈரத் துண்டோடு உள்ளே ஓடினேன். டாக்டர் துரை குண்டூசியை அவருடைய பாதத்தில் குத்திக்கொண்டிருந்தார். இவர் கூரையைப் பார்த்துக்கொண்டு கல்லாகக் கிடந்தார். தாடை மட்டும் இறுகியிருந்தது. துரை தலையை ஆட்டிக்கொண்டு நிமிர்ந்தார்.

சுரங்கத்தில் வேலை தொடங்குமுன் தலைக்கு மேலே உள்ள பாறையை இரும்புக் கம்பியால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்றால் உறுதி. பொத்தென்றால் அங்கே நிற்கக் கூடாது. ஷிப்டு முடிந்து வந்து எனக்கு ஆயிரம் முறை சொல்லியிருக்கிறார். எனக்கு அதுதான் வாயில் வந்தது.

"யோவ் மாமா! உன்னைத் தட்டிப் பாக்கறாங்கய்யா! சத்தம் வர்லேன்னா பொத்தல் பாறைன்னு இடிச்சுத் தள்ளிடுவாங்க. கத்துய்யா! வலிக்குதுன்னு கத்து!"

துண்டை விரித்து டிரஸ்ஸரிடம் காட்டினேன். "வலி இல்லாத மனுஷன் கடிச்சதா இது? இன்னொருவாட்டி குத்தச் சொல்லுங்க ஐயா."

துரை துண்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி குத்தினார். என் வீட்டுக்காரர் என் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கத்தினார் பாருங்கள், அத்தனை நாள் அடக்கி வைத்ததெல்லாம் சேர்ந்து வெளியே வந்தது. வார்டே எழுந்து உட்கார்ந்தது. பெற்ற பிள்ளையின் முதல் அழுகைகூட எனக்கு அப்படி இனித்ததில்லை. துரை கத்தியை மறந்து, காலைச் சுற்றி வெந்நீர்ப் புட்டிகள் வைக்கச் சொன்னார். அதன் பிறகுதான் ஊசி வந்தது.

"எடுத்துடுவாங்களாடி?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இல்லே மாமா. நான் இங்கியேதான் இருப்பேன். தூங்கு."

விழித்ததும் அவர் கை முதலில் காலைத்தான் தேடியது. கால் இருந்தது. கொஞ்சம் கோணலாகத்தான் கூடியது என்றாலும், அதோடு அவர் வெகுகாலம் ஷாஃப்டில் இறங்கினார்.

வீட்டுக்கு அழைத்துப்போகிற அன்று, போகிற போக்கில் ஒரு புண்ணியம் என்று பக்கத்துக் கட்டில்காரரின் துணிகளையும் துவைக்க எடுத்துப்போனேன். அடியில் ஒரு பழைய துண்டு கிடந்தது. விரித்தேன். விளிம்பு நைந்து தொங்கியது.

காலை எடுத்த பிறகு அவருக்கு வேளை தவறாமல் ஊசி போட்டார்கள். அவர் துண்டைக் கடித்து நான் பார்த்ததில்லை. அப்படியென்றால் கடித்தது அதற்கு முன்னால், அவரும் வலி இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த நாட்களில். அவர் கால் எப்படியும் போயிருக்குமோ என்னவோ, எனக்குத் தெரியாது. கிழிசலை மடித்துத் தைத்துக் காயவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தையலை விரலால் தடவிப் பார்த்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

என் வீட்டுக்காரரைக் கத்து கத்து என்று நான் கூவியதை, அவர் அந்தக் கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.