குக்கர் கழட்டிப் போட்டது

என் வீட்டுக்காரர் டிராக்டர் மெக்கானிக். அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்தபடியே சாப்பிட்டு முடிப்பார். டீ ஆறும்வரை பொறுக்காமல் நாக்கைச் சுட்டுக்கொண்டு, டீயைத் திட்டுவார். வலது முன்கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு உண்டு. கொதிக்கிற ரேடியேட்டரின் மூடியைத் திறந்து வாங்கிக்கொண்டது. "பத்து நிமிஷம் பொறுத்திருக்கலாமே" என்று ஆஸ்பத்திரியில் கேட்டேன். "பத்து நிமிஷத்துல இன்னொரு வண்டியே பார்த்திருப்பேன்" என்றார், கட்டுப் போட்ட கையோடு. அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் அவருக்கு வைத்த பேர் குக்கர். வைத்தவன் வாயில் சர்க்கரை போட வேண்டும்.

கைராசிக்காரர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். சத்தத்தைக் கேட்டே வண்டியின் பாதி வியாதியைச் சொல்லிவிடுவார். மீதியைக் கேட்கத்தான் நிற்க மாட்டார்.

ஷெட்டை ஒட்டிய அறையில் நான் துணி தைக்கிறேன். நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். ஸ்பேனர் கீழே விழுவதிலிருந்து அவர் வாடிக்கையாளரிடம் அளக்கிற கதைவரை எல்லாம் இந்தப் பக்கம் கேட்கும்.

அவருடைய அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். எட்டு வருஷத்துக்கு முன் கணவர் தவறிப்போனபோது அண்ணி யார் வாசலிலும் போய் நிற்கவில்லை. வீட்டில் நின்றிருந்த பழைய டிராக்டரில் தானே ஏறி உட்கார்ந்தார். அடுத்தவர் நிலத்தை உழுது கொடுத்துத்தான் இன்றுவரை பிழைப்பு.

அந்த வண்டி இந்தப் பருவத்தில் மூன்று தடவை நட்டநடு வயலில் கொதித்து நின்றது. மூன்று தடவையும் இவர் பறந்து போனார். முதல் தடவை ஃபேன் பெல்ட்டை இறுக்கினார். அடுத்த தடவை ரேடியேட்டர் மூடியும் ஹோஸும் மாற்றினார். மூன்றாவது தடவை வாட்டர் பம்ப்பையே மாற்றினார். ஒவ்வொரு தடவையும் இஞ்சினை ஐந்து நிமிஷம் சும்மா ஓடவிட்டு, "சரியாயிடுச்சு" என்று கிளம்பிவிடுவார். கடைசியாகக் கொதித்தபோது, வரப்பில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கச் சொன்னார்: "வண்டியில ஒரு கோளாறும் இல்ல. அக்காதான் தப்பான கியர்ல போட்டு இழுக்குது."

அந்த ஒரு வார்த்தை போதாதா? பொம்பளைக்கு டிராக்டர் எதுக்கு என்று எட்டு வருஷமாக வாயை அடக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு அவல் கிடைத்தது. நாலு நிலத்துக்காரர்கள் வேறு வண்டிக்குப் போய்விட்டார்கள். மிச்சம் இருந்தவர்களில் பெரிய நிலத்துக்காரர் ஒருவர், தடிமனான கண்ணாடி போட்டவர். அவரும் கறாராகச் சொல்லிவிட்டார்: "மழை வரப்போகுது. நாளைக்குக் காலைல உழுதுடுங்க. நடுவுல நின்னா நானும் வேற வண்டியைக் கூப்பிட்டுடுவேன்." அவர் போனால் பின்னாலேயே எல்லாரும் போவார்கள். அண்ணி அதற்கப்புறம் எதை ஓட்டுவார்?

அவர் அப்படிச் சொன்ன அன்று காலையிலேயே அண்ணி டிராக்டரை ஷெட் வாசலில் குறுக்காக நிறுத்தினார். இவருடைய பைக் கூட வெளியே போக வழியில்லை.

"அக்கா, எனக்கு இன்னும் ரெண்டு வண்டி காத்துக்கிட்டிருக்கு."

"நானும்தான் மூணு தடவையா உனக்காகக் காத்துக்கிட்டிருக்கேன். அஞ்சு நிமிஷம் சும்மா ஓடவிட்டா இது நல்ல பிள்ளையாத்தான் இருக்கும். உழுதுகிட்டே பார்ப்போம், வா."

ஷெட்டுக்குப் பின்னால் இருந்த காலி நிலத்தில் கலப்பையை இறக்கினார். இவர் கூடவே நடந்தார். எனக்கு வேலை ஓடவில்லை. பாதி தைத்த ரவிக்கைக் கையை ஊசிக்கடியில் அப்படியே விட்டுவிட்டு நானும் போய் நின்றேன். இவர்மேல் கோபம், அண்ணியை நினைத்துப் பயம்.

இருபதாவது நிமிஷம் சூடு காட்டுகிற முள் சிவப்பைத் தொட்டது. அண்ணி கலப்பையைத் தூக்கிவிட்டு, இஞ்சினை அணைக்காமல் இறங்கினார். இவர் கை தானாக ரேடியேட்டர் மூடிக்குப் போனது. அண்ணி அதைத் தட்டிவிட்டார். "ஒரு தழும்பு போதும்."

பிறகு ஈரத்துணியைக் கையில் சுற்றிக்கொண்டு, இஞ்சினை ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தார். அவசரமே படவில்லை.

"ரேடியேட்டர் வெதுவெதுன்னுதான் இருக்கு. பம்புக்குத் திரும்பி வர இந்தச் சின்னக் குழாய் மட்டும் கொதிக்குது. தண்ணி ஏன்டா ஆறப் போகாம பாதியிலயே திரும்புது?"

இவர் அசையாமல் நின்றார். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் நான் பார்க்காத காட்சி. பிறகு அக்காவைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"உன் மேஜை மேல பித்தளையில வட்டமா ஒண்ணு வச்சிருப்பியே, அது இருக்கா?"

இருந்தது. வெட்டுவதற்கு விரித்த காகிதம் பறக்காமல் இருக்க ஏழு வருஷமாக அதைத்தான் எடையாக வைத்திருக்கிறேன். அது தெர்மோஸ்டாட். தண்ணீர் சூடானதும் ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து, அந்தச் சின்னக் குழாயின் வழியை அடைக்கிற சாமான். வண்டிக்கு வண்டி அதைக் கழட்டி எறிவது எங்கள் பக்கத்து மெக்கானிக்குகளின் வழக்கம். "இந்த வெயிலுக்கு இது எதுக்கு? வெந்நீர் வைக்கவா?" என்பார்கள். இவரிடம் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருக்கிறது. அக்கா வண்டியில் இருந்ததையும் ஏழு வருஷத்துக்கு முன் அப்படித்தான் கழட்டிப் போட்டிருக்கிறார். என் மேஜைக்கு வந்தது அதுதான். ரேடியேட்டர் சுத்தமாக இருந்தவரை வண்டி தாக்குப்பிடித்தது. உள்ளே உப்புப் படிந்து வழி குறுகக் குறுக, தண்ணீர் சுலபமான சின்னக் குழாயிலேயே சுற்ற ஆரம்பித்துவிட்டது. அடைக்கத்தான் ஆள் இல்லையே.

புதிதாக வாங்கி வர ஒரு நாள் ஆகும். பழையது வேலை செய்யுமா? அடுப்பில் பாத்திரம் வைத்து, அதை என் தையல் நூலில் கட்டித் தண்ணீருக்குள் தொங்கவிட்டோம். தண்ணீர் சுடும்வரை பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். இவர் இரண்டு நிமிஷத்தில் வாசல் பக்கம் திரும்பினார்.

"நில்லு" என்றார் அண்ணி.

நின்றார். ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறிமாறி நின்றார். ஆவி கிளம்பியது. பித்தளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அப்புறம் நடுவில் இருந்த தட்டு, மெல்ல, ஒரு நகக்கண் அளவுக்கு எழும்பியது.

"திறக்குது" என்றார் இவர். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆவியின்மேல் பழி போட்டார்.

சாயங்காலம்வரை ரேடியேட்டருக்குள் தண்ணீரைத் தலைகீழாகப் பாய்ச்சினார். செம்பழுப்பாக வந்து, தெளிந்த பிறகுதான் நிறுத்தினார். தண்ணீர் கசியாமல் இருக்க என் பேட்டர்ன் அட்டையிலேயே பேக்கிங் வெட்டிவைத்து தெர்மோஸ்டாட்டை மாட்டினார். என்னைக் கேட்காமல்தான்.

மறுநாள் காலை கண்ணாடிக்காரர் நிலத்தில் அண்ணி உழுதார். இவர் வரப்பை விட்டு நகரவில்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு சுற்றிலும் அண்ணி முள்ளைப் பார்த்து, நடுவில்தான் நிற்கிறது என்று எங்களுக்குக் கையைக் காட்டினார். கண்ணாடிக்காரர் பக்கத்தில் வந்து சிரித்தார்.

"பரவாயில்லையே, இன்னைக்கு உங்க அக்கா கியரைச் சரியாப் போடுது போல."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இவரைப் பார்த்தேன். தழும்பைத் தடவிக்கொண்டிருந்தார். வழக்கம்போல ஏதாவது சொல்லிவிட்டு பைக்கை எடுத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"அக்கா எப்பவும் சரியாத்தான் போட்டுச்சு" என்றார் தரையைப் பார்த்து. "நான்தான் கழட்டக் கூடாததைக் கழட்டிட்டேன். மூணு தடவை கொதிச்சதும் என்னாலதான்."

அண்ணி அப்போதுதான் எங்கள் பக்கம் திரும்புவதற்கு வந்தார். தம்பியின் முகத்தையும் கண்ணாடிக்காரர் முகத்தையும் பார்த்தார். வண்டியை நிறுத்தி, இஞ்சினை ஓடவிட்டபடியே காதில் கையை வைத்தார்.

"சத்தமா சொல்லுடா. இஞ்சின் சத்தத்துல கேக்கல."

சொன்னார். தொண்டை கிழியச் சொன்னார். அந்த நாலு நிலத்துக்காரர்களும் தங்கள் வரப்பிலிருந்து நிமிர்ந்து பார்த்தார்கள். அண்ணி முழுசாகக் கேட்டு முடித்த பிறகே கியரைப் போட்டார்.