ஷூவோடு உப்பில் ஏறிய நாள்

1

சர்க்குலர் ஆங்கிலத்தில் இருந்தது. நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. நோட்டீஸ் போர்டு முன்னால் விழித்துக்கொண்டு நின்ற எனக்கு, ஹெட் கிளார்க் துரைப்பாண்டி அண்ணாச்சிதான் வாசித்துச் சொன்னார்.

"ஏலே இசக்கி, திங்கக்கெழமையில இருந்து வேட்டி கெடையாது. பேண்ட், உள்ள விட்ட சட்டை, தோல் சூ. மெட்ராஸ்ல அப்படித்தானாம்."

"நான் என்ன ஆபீஸ்ல உக்காருத ஆளா அண்ணாச்சி?"

"ஒம் பேரு ஆபீஸ் ரோல்ல இருக்குல்லா? மாட்டு."

எழுபதுகளின் நடுவில் நடந்தது இது. தூத்துக்குடியில் ஒரு ஷிப்பிங் ஏஜெண்ட் ஆபீஸில் நான் டாலி கிளார்க். தோணியில் எத்தனை கூடை உப்பு ஏறுகிறது என்று கோடு போட்டு எண்ண வேண்டும். அதற்கு முன்னால் அம்பாரத்தின் மேல், அதாவது உப்புக் குவியலின் மேல், ஏறி முழங்கை ஆழம் தோண்டி ஈரம் பார்க்க வேண்டும். காலையில் பத்து நிமிடம்தான் ஆபீஸ். மற்ற நேரமெல்லாம் வெயிலும் உப்பும்.

ஏழு வருஷமாக டெம்பரரி. என் பெர்மனெண்ட் ஆர்டர் டைப் ஆகி, புதிதாக வந்திருந்த மேனேஜரின் கையெழுத்துக்காக அவர் மேஜையில் கிடந்தது. அதனால் நான் எதுவும் பேசவில்லை. பொதுவாகவே பெரிய ஆட்கள் முன்னால் எனக்கு வாய் வராது.

2

பேண்ட் தைத்தேன். டைலர் அப்போதைய ஃபேஷன்படி கால் பக்கம் அகலமாக வைத்துவிட்டார். நடந்தால் தரையைக் கூட்டியது. ஷூ, மைத்துனன் தன் கல்யாணத்துக்கு வாங்கியது. அவன் காலைவிட என் கால் பெரிது.

திங்கட்கிழமை மேனேஜர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இப்பத்தான்யா மனுஷன் மாதிரி இருக்கே."

இதை அவர் பாராட்டாகச் சொன்னார். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு எரிகிறது. ஏழு வருஷமாக என் மனைவி துவைத்து நீலம் போட்டுக் கொடுத்த வேட்டியைத்தான் கட்டிப் போனேன். அதுவரைக்கும் நான் என்னவாக இருந்தேனாம்?

3

எங்கள் பக்கம் உப்பில் யாரும் செருப்புக் காலை வைப்பதில்லை. முதலாளியே வந்தாலும் கீழே கழற்றிவிட்டுத்தான் ஏறுவார். எங்கும் எழுதி வைத்த சட்டம் இல்லை. சொல்லிக் கொடுக்கவும் வேண்டியதில்லை. நானும் புது ஷூவைத் தினமும் அம்பாரத்தின் அடியில் கழற்றிவைத்துவிட்டுத்தான் ஏறினேன்.

ஒரு நாள் வெளியூர்ப் பார்ட்டி இரண்டு பேரை மேனேஜர் அழைத்துவந்தார். உப்பு வாங்குகிறவர்கள். நான் குனிந்து லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்தேன்.

"என்ன பண்றே?"

"சூவக் கழத்துதேன் சார். மேல ஏறணும்."

"பார்ட்டி முன்னாடி வெறுங்காலோட நிப்பியா? மானத்தை வாங்காதே. அப்படியே ஏறு."

ஒரே ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்க வேண்டும். மேஜையில் கிடந்த ஆர்டர்தான் கண் முன்னால் வந்தது. தப்பு என்று தெரிந்தே ஏறினேன்.

நாலு எட்டு வைத்திருப்பேன். கூடை சுமக்கும் பெண்களுக்குத் தலைவி செல்லக்கனி கத்தினாள்.

"ஏ கிளார்க்கு அண்ணாச்சி! கண்ணு அவிஞ்சா போச்சு? காலுல என்னதுவே?"

பின்னால் ஒருத்தி, "பேண்ட் போட்டதும் பவுசு மண்டைக்கு ஏறிட்டு" என்றாள்.

செல்லக்கனி கூடையை இறக்கி வைத்தாள். "ஏளா, எல்லாரும் எறக்குங்க. ஊரு சனம் சோத்துல போடுத உப்பு இது. சூ மிதிச்சத நாங்க தலையில சொமக்க மாட்டோம்."

அத்தனை கூடையும் இறங்கியது. தோணியை நடத்தும் தண்டல், பாய் விரிக்கக் காற்று போய்விடும் என்று தோணியிலிருந்தே கூப்பாடு போட்டார். பார்ட்டிக்காரர்கள் முகம் மாறிவிட்டது. உடனே மேனேஜர் என் பக்கம் திரும்பினார்.

"யாருய்யா உன்னை ஷூவோட ஏறச் சொன்னது? சாப்பிடற பொருள்னு தெரியாது? படிக்காதவங்களை வெச்சுக்கிட்டு வேலை பார்த்தா இப்படித்தான்."

ஆனால் அன்றைக்கு எனக்கு வாய் வந்தது.

"நீங்கதான சார் சொன்னீங்க. இப்பத்தான், இங்கன நின்னு."

அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

ஷூவைக் கழற்றிக் கீழே எறிந்தேன். நான் மிதித்த இடத்தையெல்லாம் ஒரு சாண் ஆழத்துக்கு மண்வெட்டியால் வழித்து, சுமந்துகொண்டுபோய் தூரத்தில் கொட்டினேன். உப்பின் ஈரத்தில் பேண்ட் முழங்கால்வரை நனைந்தது. செல்லக்கனி பக்கத்திலேயே நின்றாள்.

"அங்கன ஒரு தடம் கெடக்கு பாரும். இன்னும் ஆழமா வழியும்."

எல்லாம் முடிந்த பிறகுதான் கூடையைத் தூக்கினாள்.

4

அடுத்த வாரம் துரைப்பாண்டி அண்ணாச்சி என்னைத் தனியே அழைத்தார்.

"ஒன் ஆர்டர கிழிச்சிட்டான்டே. வேற பேருக்கு டைப் அடிக்கச் சொல்லுதான்."

அந்த மேனேஜர் மாற்றலாகிப் போகிறவரைக்கும், மேலும் இரண்டு வருஷம், நான் டெம்பரரியாகவே இருந்தேன். பேண்டும் ஷூவும் தினமும் போட்டுக்கொண்டுதான்.

புதிதாக வேலைக்கு வருகிறவர்களே, ஆபீஸ் கேட்கிற உடுப்பைப் போடுங்கள். அதில் குறைவு ஒன்றும் இல்லை. ஆனால் அந்த உடுப்போடு எந்த இடத்துக்குப் போகக் கூடாது என்பது அங்கே வேலை செய்கிற உங்களுக்குத்தான் தெரியும். அதை ஏறும் முன்னால் சொல்லிவிடுங்கள். நான் ஏறிய பிறகு சொன்னேன். மேனேஜர் மேல் உள்ள கோபம் பாதிதான். மீதி என் மேல். ஆர்டர் எப்படியும் போயிற்று. அந்த உப்பை மிதிக்காமலே அதைத் தொலைத்திருக்கலாம்.