பிளானில் காணாமல் போன பீம்

மூன்று வருடங்களுக்கு முன்பு நடந்தது இது. திண்டுக்கல்லில் ஒரு இன்ஜினியரிடம், வீடுகளைக் கம்ப்யூட்டரில் மாடலாக வரைந்து பிளான் எடுத்துக் கொடுக்கும் வேலை எனக்கு. அப்போது வடமதுரைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், மல்லிகைத் தோட்டம் வைத்திருக்கும் பெண் ஒருவர் வீடு கட்டிக்கொண்டிருந்தார். என்னைவிட நாலைந்து வயது இளையவர். பூக் கட்டப் பத்துப் பேர் உட்காரும்படி பெரிய ஹால் வேண்டும், நடுவில் தூண் கூடாது என்பதுதான் அவர் கேட்டது. அதனால் கூரையைத் தாங்க ஹாலின் குறுக்கே கனமான பீம் ஒன்று போட்டிருந்தோம்.

ஒருநாள் மதியம், டிபன் பாக்ஸைத் திறக்கிற நேரத்தில் அவரிடமிருந்து போன்.

“அக்கா, நீங்க செல்லுல அனுப்புன படத்துல ஹாலுக்கு மேல குறுக்க ஒண்ணு போகுதே, இங்க அதக் காணோமே. மேஸ்திரிகிட்ட கேட்டா பிளான்லயே இல்லங்குறாரு.”

எனக்குப் பசி, எரிச்சல். “எல்லாம் பாத்துத்தான் குடுத்துருக்கோம். பிளான்ல உள்ளபடி செய்யச் சொல்லுங்க” என்று போனை வைக்கப் போனேன்.

“கோவிச்சுக்காதீகக்கா. நாளைக்குக் காலைல கான்கிரீட்டு போடுறாக. செத்த பாத்துச் சொல்லுங்களேன்.”

வேண்டாவெறுப்பாகக் கம்ப்யூட்டரில் அந்த வீட்டைத் திறந்து பார்த்தேன். அவருக்குப் படமெடுத்து அனுப்பிய மாடலில் பீம் இருந்தது. பிளானில் இல்லை. எந்த உயரம் வரை உள்ளது பிளானில் தெரிய வேண்டும் என்ற அமைப்பைப் பார்த்தேன், சரியாக இருந்தது. மற்ற பீம்கள் எல்லாம் தெரிந்தன. கடைசியில், மறைத்து வைத்தவற்றைக் காட்டும் பட்டனை அழுத்தினேன். அந்த ஒரு பீம் மட்டும் சிவப்பாகத் தெரிந்தது. அப்போதுதான் நினைவு வந்தது. இன்ஜினியர் சரிபார்த்துக் கொடுத்த பிறகு, பிரிண்ட் எடுக்கும்போது அளவு எழுத்துகளின் மேல் அதன் கோடு விழுகிறதே என்று நானேதான் அதை மறைத்தேன். திரும்பக் கொண்டுவர மறந்துவிட்டேன்.

உடனே இன்ஜினியரிடம் உண்மையைச் சொன்னேன். அவர் கார் சாவியை எடுத்தார். சைட்டில் எல்லோர் முன்னாலும், தப்பு என்னுடையதுதான் என்று சொன்னேன். கட்டிய கம்பியை மறுபடி பிரிக்க வேண்டுமே என்று மேஸ்திரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன்.

அவர் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினார். “இன்னைக்கே தெரிஞ்சுச்சே, அதுவே போதும்க்கா. மொதல்ல தண்ணியக் குடிங்க. சாப்டீகளா?”

நாலு நாள் தள்ளி, பீமோடு சேர்த்துக் கான்கிரீட் போட்டார்கள்.

படித்தவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று அவர் என் முதல் பதிலோடு போனை வைத்திருந்தால், அந்தக் கூரை யார் தலையில் இறங்கியிருக்குமோ! இப்போதெல்லாம் ஒருவர் இரண்டாவது முறை கேட்டால் எனக்கு எரிச்சல் வருவதில்லை. கையிலுள்ளதை வைத்துவிட்டு எழுந்து போய்ப் பார்க்கிறேன்.