தளம் அடித்த தொரசாணி

தண்டையார்பேட்டைல பொம்பளப் புள்ளைங்களுக்கு ஒரு பள்ளிக்கூடம் கட்டுனாங்க. நான் அங்க சித்தாள். அதுக்கு பிளான் போட்டது ஒரு பொம்பள! சுவீடன் தேசத்து தொரசாணி, கப்பலேறி வந்தவ. அவ ஊர்லயே கட்டட வேல படிக்க பொம்பளைய சேக்க மாட்டாங்களாம். மல்லுக்கட்டி, ஆம்பளப் பசங்க நடுவுல குந்திப் படிச்சாளாம். கூட வர்ற டீச்சரம்மா சொன்னாங்க. "பொம்பள போட்ட பிளான்ல கட்டடம் நிக்குமாடி?"ன்னு மேஸ்திரி எங்களாண்ட சிரிப்பான். கட்டடம் இன்னிக்கும் நின்னுகினு தான் கீது. மேஸ்திரி தான் போய் சேந்துட்டான்.

அப்போ என் பொண்ணு கைக்கொழந்த. அதுக்கு மூத்தது ஒண்ணு, பால் பத்தாம வாடி வதங்கி, மூலக்கொத்தளம் சுடுகாட்டுல பொதச்சிட்டு வந்தேன். இதையாவது காப்பாத்திடணும்னு தான் எனக்கு ராப்பகலா நெனப்பு. வேப்பமரத்துல தூளி கட்டிப் போட்டுட்டு தான் வேலைக்கு ஏறுவேன்.

அன்னிக்கு மொட்டைமாடில தளம் அடிச்சிகினு இருந்தோம். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, வெல்லத்தண்ணி தெளிச்சி, பொம்பளைங்க வரிசையா குந்தி, பாட்டு பாடிகினே கட்டையால தட்டணும். காயறதுக்குள்ள முடிக்கணும்; நடுவுல ஒருத்தி எழுந்தா அந்த எடம் மழைக்கு ஒழுவும். கீழ என் புள்ள வீல்னு கத்துது. எனக்கு பால் கட்டி மாரு கல்லா கெடக்குது. "பால் குடுத்துட்டு ஓடியாந்துடறேன்"ன்னு மேஸ்திரியாண்ட கெஞ்சுனேன். "எழுந்தியானா அப்டியே வூட்டுக்குப் பூடு"ன்னான் பாவி. கொஞ்ச நேரத்துல புள்ள கத்தறது நின்னுபோச்சு. மூத்ததும் அப்படித்தான் கத்திக் கத்தி ஓஞ்சிச்சு.

தொரசாணி ஏணியாண்ட நின்னு பாத்துகினு இருந்தா. இன்னா நடக்குதுன்னு டீச்சரம்மாவ கேட்டா. விறுவிறுன்னு வந்தா, என் கட்டைய புடுங்குனா, கவுன தூக்கி சொருவிகினு என் எடத்துல குந்திட்டா! "ஐயய்யோ, வாணாம்மா!"ன்னு மேஸ்திரி கையப் பெசையறான். அவ காதுலயே வாங்கல. தாளம் தப்பித் தப்பி தட்டறா. எங்காளுங்க சிரிச்சிகினே அவளுக்காக பாட்ட மெதுவாக்குனாங்க.

நான் எப்படி எறங்குனேன்னு தெரியாது. புள்ள துவண்டு கெடந்துச்சு. வாயில வெச்சேன், மொதல்ல புடிக்கல. அப்பறம் லபக்குனு புடிச்சி குடிச்சிச்சு பாரு, மண்ணுல குந்திகினு ஓன்னு அழுதேன். அந்த மகராசி எந்த மண்ணுல கீறாளோ, நல்லா இருக்கட்டும்.

அவள ரொம்ப நேரம் குந்த வெக்கக் கூடாதுன்னு அவசரமா மேல ஏறி, கட்டைக்கு கைய நீட்டுனேன். அவ உள்ளங்கை தோலு வழண்டு கீது, ஆனா கட்டைய குடுக்கல. என் ரவிக்கைய பாத்தா. புள்ள குடிக்காத பக்கம் இன்னும் பால்ல நனைஞ்சிகினு இருந்துச்சு. திரும்ப எறங்கிப் போன்னு கையால தள்ளுனா.