குழியைக் காட்டிய அம்பு

பதினான்கு மாடிக் கட்டடம் எழும்பிக்கொண்டிருந்த அந்த இடத்தில் அவளைப் படக்காரம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். பாதுகாப்புப் பிரிவில் வேலை. பிழைக்க வந்த ஐந்நூறு பேருக்கு ஐந்து மொழி. எழுதி ஒட்டிய எச்சரிக்கைகளை ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அதனால் அவள் படம் போட்டாள். பள்ளிக்கூடப் புத்தகங்களுக்கு வரைந்து பழகிய கை. ஆட்கள் நின்று பார்ப்பார்கள், சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். புரிந்துவிட்டது என்று அவளும் நினைத்துக்கொண்டாள்.

எட்டாவது மாடியில் லிஃப்டுக்காக விட்டிருந்த குழி திறந்து கிடந்தது. அங்கே ஒரு படம் வைத்தாள்: சதுர ஓட்டை, தடித்த சிவப்பு அம்பு, தலைகீழாக விழும் ஒரு மனிதன். வீடு வாங்க வருகிறவர்கள் முகம் சுளிப்பார்கள் என்று மேலாளர் அந்த மனிதனை மட்டும் எடுக்கச் சொன்னார். மறுபேச்சு பேசாமல் அழித்துவிட்டாள். ஓட்டையும் அம்பும் மிஞ்சின.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குழியின் அடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த ஆளின் மேல் எட்டாவது மாடியிலிருந்து ஒரு சாக்கு உடைகல் வந்து விழுந்தது. தலைக்கவசம் இரண்டாகப் பிளந்தது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது.

கொட்டியவன் ஓடவில்லை. சுமை தூக்குகிறவன், வந்து இருபது நாள்கூட ஆகவில்லை. ஆபீஸ் அறையில் உட்கார்த்தி வைத்திருந்தார்கள். அவன் பாஷை தெரிந்த மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு போய், ஏன் அங்கே கொட்டினான் என்று கேட்கச் சொன்னாள். அவன் வெகுநேரம் பேசினான். மேஸ்திரி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"அங்க கொட்டச் சொல்லித்தானே படம் போட்டிருக்குன்னு கேக்கிறாம்மா."

மத்தியானம் அந்தப் படத்தைச் சாப்பாட்டுக் கொட்டகைக்கு எடுத்துப்போய்ப் பன்னிரண்டு பேரிடம் காட்டினாள். ஒன்பது பேர், குப்பை கொட்டுகிற இடம் என்றார்கள். இரண்டு பேர், கீழே போக வழி என்றார்கள். ஒருவர் தெரியாது என்று கையை விரித்தார். ஆபத்து என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. தச்சரை அழைத்து, குழியைப் பலகையால் மூடி ஆணி அடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

சாயங்காலம் விஷயத்தைக் கேட்ட கணவர் பதறிப்போனார்.

"நீயா தள்ளிவிட்ட? வாய மூடிக்கிட்டு சும்மா இரு. சொன்னா பழி உன் தலையிலதான் விடியும்."

மறுநாள் விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மனிதனை அழித்ததையும் எழுதினாள், அழிக்கச் சொன்னது யார் என்பதையும் எழுதினாள்.

அந்தத் தாள் மேசைமேசையாக நகர்வதற்குள், அஜாக்கிரதை என்று காரணம் காட்டி அந்தச் சுமைக்காரனை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். செத்துப்போனவனின் அண்ணன் வந்து உடலை வாங்கிக்கொண்டார். தம்பியின் செருப்பையும் கேட்டு வாங்கிக்கொண்டார். அவரிடம் உண்மையைச் சொல்ல அவளுக்கு மொழியும் இல்லை, துணிச்சலும் வரவில்லை. வாசல்வரை கூடப் போய்விட்டுத் திரும்பினாள்.

வேலையை அவள் விடவில்லை. இப்போது எந்தப் படமானாலும் முதலில் கொட்டகைக்குப் போகிறது. பார்க்கிறவர்களில் ஒருவர் தப்பாகச் சொன்னாலும் கிழித்துப் போட்டு மறுபடி வரைகிறாள்.

"ஒரு படத்துக்கு ஒரு வாரமா?" என்று மேலாளர் எரிந்து விழுந்தார்.

"ஆகும் சார்," என்றாள்.