யாரும் மதிக்காத பிரெஞ்சு வண்டி

பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுக் கிளம்பிய ஐம்பத்து நாலாம் வருஷம், துறைமுகத்து எஞ்சினியர் ஒருவர் தன் காரை என் கணவருக்கு விற்றுவிட்டுக் கப்பலேறினார். கணவர் அவரிடம் குமாஸ்தாவாக இருந்தார். எங்களுக்கு அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது.

உருண்டையான சின்ன வண்டி. இரண்டே சிலிண்டர், அலுமினிய உடம்பு. கிளப்பினால் மோட்டார் சைக்கிள் மாதிரி படபடக்கும். தெருவே சிரித்தது. கணவரின் அண்ணன் பெரிய இங்கிலீஷ் கார் வைத்திருந்தார். "இதுல போறதுக்கு நடந்தே போலாம்டா" என்றார்.

அது எப்படிப் போகும் என்பது எங்கள் இருவருக்கும்தான் தெரியும். எடையே இல்லாததால் மிதித்தவுடன் பாயும். முன்சக்கரங்கள் இழுக்கிற வண்டி என்பதால் மழைச்சேற்று வளைவில்கூடப் பின்பக்கம் வழுக்காது. எஞ்சினுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டாம், காற்றே போதும். கோடையில் திண்டிவனம் ரோட்டில் பெரிய கார்கள் ஆவி விட்டுக்கொண்டு ஓரமாக நிற்கும். நாங்கள் தாண்டிப் போவோம்.

ஸ்டியரிங் இடதுபக்கம். முன்னால் லாரி போனால் எதிரே வருவது ஓட்டுகிறவருக்குத் தெரியாது. வலதுபக்கம் உட்கார்ந்திருக்கும் நான் எட்டிப்பார்த்து "போலாங்க" என்பேன். அந்த ஒரு வார்த்தையை நம்பி அவர் வண்டியை வெளியே எடுப்பார்.

லாஸ்பேட்டை வெட்டவெளியில் ஒருமுறை அண்ணனும் தம்பியும் போட்டி வைத்தார்கள். பெரிய கார் எங்கள் புழுதியில் மறைந்தே போனது. "நான் எங்கடா ஓட்டினேன், சும்மா உருட்டிக்கினு வந்தேன்" என்று அண்ணன் இறங்கிப் போய்விட்டார். ஊரும் அதைத்தான் நம்பியது. அதே வெளியில்தான் பிறகு நானும் ஓட்டப் பழகினேன். கணவருக்கு அதில் பெருமை.

அறுபதாம் வருஷம் ஒரு காலையில் அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டார். பார்த்த டாக்டர், குடல் முறுக்கிக்கொண்டிருக்கிறது, உடனே மெட்ராஸுக்குக் கொண்டுபோய் அறுத்தாக வேண்டும் என்றார். அண்ணன் காரோடு வெளியூர் போயிருந்தார். கணவரை வலதுபக்க இருக்கையில் சாய்த்துவிட்டு நானே கிளப்பினேன்.

திண்டிவனம் தாண்டியதும் நெல் லாரி ஒன்று வழியை அடைத்துக்கொண்டு போனது. எனக்கு எதிர்ப்பக்கம் தெரியவில்லை. அவர் கதவைப் பிடித்துக்கொண்டு தலையை நிமிர்த்தினார்.

"போலாம். மிதி" என்றார்.

மிதித்தேன். மெட்ராஸ் வரை வண்டி எங்குமே மூச்சு வாங்கவில்லை. அவர்தான் பேசுவதை நிறுத்திவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர், "பாண்டிச்சேரிலேர்ந்தா? இவ்ளோ சீக்கிரமாவா?" என்று என்னை இன்னொரு தடவை பார்த்தார். அறுத்தார்கள். உள்ளே ஏற்கெனவே அழுகிப்போயிருந்தது. மறுநாள் போய்விட்டார்.

உடலை வேனில் ஏற்றினார்கள். எங்கள் காரை நான் ஓட்டக் கூடாது, பார்க்க நன்றாக இருக்காது என்றார்கள். பின்னால் உட்கார்ந்தேன். தந்தி கிடைத்து ரயிலில் வந்திருந்த அண்ணன் ஓட்டினார். கியர் பிடிபடாமல் வழியெல்லாம் நறநறவென்று அரைத்தபடி வந்தார்.

சாவு வீட்டில் வந்தவர்களிடமெல்லாம் அண்ணன் சொன்னார்: "என் கார் இருந்திருந்தா பொழச்சிருப்பான். இந்தத் தகரத்துல போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிட்டுது."

அவர் இப்படி எத்தனையோ பேரிடம் சொன்ன பிறகு என்னால் தாங்க முடியவில்லை.

"அது நேரத்துக்குக் கொண்டுபோய் சேத்துச்சு, மாமா. டாக்டரே சொன்னாரு."

"உனக்கு இன்னாம்மா தெரியும். உள்ள போ" என்றார்.

கருமாதிக்கு முன்பே கடலூர்க்காரர் ஒருவருக்கு வண்டியை விற்றுவிட்டார்கள். நான் உள்ளறையில் இருந்தேன். வாசலில் படபடவென்று சத்தம் கேட்டது, பிறகு தெருமுனையில் கியரை மாற்றத் தெரியாமல் ஒரு நறநறப்பு. அதுவரை அழாதவள் அப்போது அழுதேன். சுற்றியிருந்த பெண்கள் புருஷனை நினைத்து அழுகிறேன் என்று அணைத்துக்கொண்டார்கள். எதற்காக என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.